உள்ளாட்சியை மக்களுக்குத் திறக்க ஐந்து வழிகள்: எதில் தொடங்குவது?

உள்ளாட்சி நிர்வாகத்தில் மக்களுக்கும் இடம் வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: எதில் தொடங்குவது? இந்தக் கேள்வி இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. மன்றத்துக்குள் இருக்கும் ஓர் உறுப்பினரோ அதிகாரியோ, கையில் கொஞ்சம் பணமும் மேலிடத்தின் அரைமனதான சம்மதமும் வைத்துக்கொண்டு கேட்கிறார். வெளியே இருக்கும் குடியிருப்போர் சங்கமோ, ஒரே ஒரு கோரிக்கையை விடாமல் பிடித்துத் தொங்கத்தான் தங்களிடம் தெம்பு இருக்கிறது, அது எதுவாக இருக்கட்டும் என்று கேட்கிறது.

இரு தரப்புக்கும் முன்னால் இருப்பவை ஏறக்குறைய ஐந்து வழிகள். ஆவணங்களையும் கணக்குகளையும் தானாக வெளியிடுவது, கருத்துக் கேட்புக் கூட்டம், பங்கேற்பு பட்ஜெட், குலுக்கலில் தேர்வான மக்கள் குழு, இணையவழிக் கருத்துத் தளம். ஐந்தையும் செய்தால் நல்லதுதானே என்றால், ஆமாம், நல்லதுதான். ஆனால் ஐந்தையும் ஒரே நேரத்தில் அறிவித்துவிட்டு ஐந்திலும் பாதியில் நிற்பதுதான் அதிகம் நடக்கிறது, அப்படி ஒருமுறை நடந்துவிட்டால் அடுத்த தடவை கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

திறந்த அரசு என்பதற்கு 2017இல் ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு தன் பரிந்துரையில் நான்கு தூண்களைச் சொன்னது: வெளிப்படைத்தன்மை, நேர்மை, பொறுப்புக்கூறல், பங்கேற்பு. மேலே சொன்ன ஐந்து வழிகளில் எதுவும் இந்த நான்கையும் சம அளவில் தராது. அதனால் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, நம் முன்னால் இருக்கும் முடிவு எப்படிப்பட்டது, அதற்கு எது பொருந்தும் என்று கேட்பதே பயன் தரும். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைவிட, மக்கள் சொன்னதற்கு யார், எப்போது, எழுத்தில் பதில் தருவார்கள் என்பதுதான் முக்கியம். பதில் தர முடியாத பெரிய திட்டத்தைவிட, பதில் தரக்கூடிய சின்னத் திட்டமே மேல்.

## முதலில் அளவுகோல்கள்

முடிவு இன்னும் திறந்திருக்கிறதா? இதுதான் முதல் கேள்வி. 1998இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் கையெழுத்தான சுற்றுச்சூழல் உடன்படிக்கை, எல்லா வாய்ப்புகளும் திறந்திருக்கும் ஆரம்பக் கட்டத்திலேயே மக்கள் பங்கேற்க வழி செய்ய வேண்டும் என்கிறது. டெண்டர் விட்டாகிவிட்டது, வரைபடம் முடிந்துவிட்டது, இனி நிறம் மட்டும்தான் பாக்கி என்ற நிலையில் மக்களைக் கூப்பிட்டால் அது கண்துடைப்பு.

இங்கிலாந்தில் இதற்கு நீதிமன்ற விதிகளே உண்டு. லண்டனின் பிரென்ட் பகுதியில் பள்ளிகளை மூடும் திட்டம் தொடர்பாக வந்த ஒரு வழக்கில், 1985இல் நான்கு நிபந்தனைகள் வகுக்கப்பட்டன. திட்டம் உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும்; மக்கள் யோசித்துப் பதில் சொல்லப் போதுமான காரணங்களைத் தர வேண்டும்; போதுமான கால அவகாசம் தர வேண்டும்; வந்த கருத்துகளை முடிவெடுக்கும்போது மனச்சாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்த நான்கையும் உறுதி செய்தது. அந்த வழக்கு லண்டனின் ஹாரிங்கே மன்றத்தைப் பற்றியது. ஏழைக் குடும்பங்களுக்கான வரிச் சலுகைக்கு மத்திய அரசு தந்துவந்த பணம் குறைந்தபோது, சலுகையைக் குறைப்பது பற்றி மன்றம் மக்களிடம் கருத்துக் கேட்டது. ஆனால் எல்லோருக்குமான வரியைக் கொஞ்சம் உயர்த்துவது, வேறு சேவைகளைக் குறைப்பது, சேமிப்பு நிதியை எடுப்பது என்று வேறு வழிகளும் இருந்தன என்பதை மக்களுக்கு அனுப்பிய தாள்களில் அது சொல்லவே இல்லை. அந்தக் கருத்துக் கேட்பு சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. தான் தள்ளிவிட்ட மாற்று வழிகளையும் சேர்த்துக் காட்டாத மன்றம், மக்களிடம் உண்மையில் எதையும் கேட்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள்? கூட்டத்தின் எண்ணிக்கை ஏமாற்றும். கூட்டத்துக்கு நானூறு பேர் வந்தார்கள் என்பது ஒரு செய்திதான், ஆனால் அந்த நானூறில் வாடகைக்குக் குடியிருப்பவர் எத்தனை, இரவு வேலைக்குப் போகிறவர் எத்தனை, கைக்குழந்தையோடு இருப்பவர் எத்தனை என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

பதில் சொல்லும் கடமை எழுத்தில் இருக்கிறதா? கருத்துகள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்குமா, அல்லது இத்தனை நாளுக்குள் இன்னார் பதில் தர வேண்டும் என்று இருக்கிறதா?

உழைப்பு எவ்வளவு? பணச் செலவைத் திட்ட அறிக்கையில் பார்த்துவிடலாம். ஊழியர்களின் நேரம் அதில் இருக்காது. ஏற்கெனவே நாலு பேர் வேலையை ஒருவர் பார்க்கும் அலுவலகத்தில், புதிதாக ஐந்தாவது வேலை ஒன்றைச் சேர்த்தால் முதலில் கெடுவது அந்த ஐந்தாவதுதான்.

ஆட்சி மாறினால் நிற்குமா? நல்ல மேயர் ஒருவர் தொடங்கியது அவரோடு போய்விடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1969இல் அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக வரைந்தார். அடியில் மக்களைத் தன் வசதிக்கு வளைப்பது, நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும், உச்சியில் மக்களே நடத்துவது. இந்தத் துறைக்கு வரும் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்த ஏணியைத்தான், பார்த்தவுடன் மேல்படிதான் எப்போதும் நல்லது என்று தோன்றிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தகவல் சொல்லும் மூன்றாம் படியில் நேர்மையாக நிற்கும் மன்றம், உச்சிக்கு ஒரு படி கீழே ஏழாம் படியில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு கோப்புகளைப் பூட்டி வைக்கும் மன்றத்தைவிட மக்களுக்கு அதிகம் தருகிறது.

## வழி 1: ஆவணங்களையும் கணக்குகளையும் தானாக வெளியிடுவது

அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமை புதிய எண்ணம் அல்ல, ஸ்வீடன் 1766லேயே அதைச் சட்டமாக்கியது. இந்தியாவின் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பலரும் பேசுவது 30 நாளில் பதில் தர வேண்டும் என்ற விதியைத்தான். ஆனால் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலேயே அலுவலகங்கள் பல தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது. நிர்வாகத்தைத் திறக்க நினைப்பவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த இரண்டாவது பாதையை. கேட்டவருக்கு மட்டும் கொடுத்தால் அது அவரோடு நின்றுவிடும்.

வெளியிட்டுவிட்டால் போதுமா? இங்கிலாந்தில் 500 பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவையும் உள்ளாட்சி மன்றங்கள் வெளியிட வேண்டும் என்று 2010இலிருந்து நடைமுறை வந்தது. வீட்டில் உட்கார்ந்தே கணக்கைத் தணிக்கை செய்யும் குடிமக்கள் பெருகுவார்கள் என்று அரசு எதிர்பார்த்தது. அந்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. பத்திரிகையாளர்கள் பயன்படுத்தினார்கள், மன்றத்துக்குப் பொருள் விற்க நினைக்கும் நிறுவனங்கள் பயன்படுத்தின, சாதாரண மக்களுக்கு அந்த நீண்ட பட்டியலை என்ன செய்வதென்று தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான காட்சி ராஜஸ்தானில் நடந்தது. 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அப்போது தகவல் உரிமைச் சட்டம் எதுவும் இல்லை. கிடைத்த ஊராட்சிப் பதிவுகளை வைத்துக்கொண்டு, அரசு வேலையில் கூலி வாங்கியதாக எழுதியிருந்த பெயர்களை ஊர் மக்கள் முன்னால் சத்தமாகப் படித்தார்கள். இந்த அமைப்பு நடத்திய விசாரணைகளில், வேலைக்கே போகாதவர்களின் பெயர்களும் இறந்துபோனவர்களின் பெயர்களும் கூலிப் பட்டியலிலிருந்து வந்து விழுந்தன. ஒரே தாள்தான், அலுவலக அலமாரியில் கிடந்தபோது யாருக்கும் எதுவும் சொல்லவில்லை, அந்தப் பெயர்களைத் தெரிந்தவர்கள் நடுவில் படித்ததும் எல்லாம் சொல்லிவிட்டது. ஆகவே தகவலை வெளியிடும் திட்டம் போடும்போதே, அதை யார் படிப்பார், எங்கே படிப்பார், தப்பு இருந்தால் யாரிடம் சொல்வார் என்பதையும் சேர்த்துப் போட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஒன்று, வடிவம்: ஸ்கேன் செய்த படமாக நூறு பக்கம் போட்டால் சட்டப்படி வெளியிட்டதாகும், தேடவோ கூட்டவோ முடியாது. இரண்டு, தனிநபர் விவரம்: பயனாளிப் பட்டியலை அப்படியே போட்டால் ஒரு பெண்ணின் முகவரியும் தொலைபேசி எண்ணும் உலகத்துக்கே போய்விடும், அதைப் பிரித்தெடுக்க ஆள் வேண்டும். மூன்று, தொடர்ச்சி: முதல் வருடம் பளிச்சென்று இருக்கும் பக்கம் இரண்டாம் வருடத்தில் நின்றுபோனால், இல்லாததைவிட மோசம், ஏனென்றால் பழைய கணக்கை இன்றைய கணக்கென்று நம்பிவிடுவார்கள்.

எப்போது இது சிறந்தது: ஒப்பந்தங்கள், பில்கள், நடந்துகொண்டிருக்கும் செலவுகள் மேல் சந்தேகம் இருக்கும்போது, மன்றத்துக்கும் மக்களுக்கும் நடுவில் நம்பிக்கை மிகக் குறைவாக இருக்கும்போது, பெரிய பங்கேற்புத் திட்டம் நடத்த ஆள் இல்லாதபோது. ஒரே ஒரு கோரிக்கைக்குத்தான் தெம்பு உண்டு என்று கேட்கும் சங்கங்களுக்கு நான் சொல்வது: மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலும் அதோடு சேர்ந்த கோப்புகளும் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வெளியில் வர வேண்டும், அதைக் கேளுங்கள். தீர்மானம் நிறைவேறிய பிறகு கிடைக்கும் கோப்பு வரலாறு, முன்பே கிடைத்தால்தான் அதில் நாம் ஏதாவது செய்ய முடியும்.

## வழி 2: கருத்துக் கேட்புக் கூட்டம்

எல்லோருக்கும் பழக்கமானது, சட்டங்கள் பலவற்றில் கட்டாயமாகவும் இருக்கிறது. ஒரு அரங்கம், ஒலிபெருக்கி, ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான் செலவு என்று தோன்றும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வீடு கட்டும் அனுமதி பற்றிய உள்ளாட்சிக் கூட்டங்களில் யார் பேசினார்கள் என்பதைப் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூட்டக் குறிப்புகளிலிருந்து எடுத்து, வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். பேசியவர்கள் ஊர்க்காரர்களின் சராசரியைவிட வயது கூடியவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், நீண்ட காலம் அங்கேயே இருப்பவர்கள், ஆண்கள் அதிகம். பேசியவர்களில் பெரும்பான்மையோர் புதிய வீடுகளை எதிர்த்தார்கள். அந்த வீடுகள் வந்தால் குடிவரப் போகிறவர் அந்த அறையில் இல்லை, அவருக்கு அழைப்பும் போகவில்லை. கூட்டத்தின் குரலை ஊரின் குரல் என்று எடுத்துக்கொள்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

மறைமுகச் செலவு பணத்தில் இல்லை, நம்பிக்கையில் இருக்கிறது. வேலையை விட்டு, மூன்று மணி நேரம் காத்திருந்து, இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போனவருக்கு அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் வரவில்லை என்றால், அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார், பக்கத்து வீட்டுக்காரரையும் போக வேண்டாம் என்பார். அதற்கு மருந்து எளிது: என்ன சொன்னார்கள், மன்றம் என்ன செய்தது, செய்யாவிட்டால் ஏன் என்று மூன்று பத்திகளில் ஓர் அட்டவணை. அதைக் கூட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள் வெளியிடுவதாக அறிவிப்பிலேயே போட்டுவிட வேண்டும். இதைச் செய்யும் கூட்டமும் செய்யாத கூட்டமும் ஒரே பெயரில் அழைக்கப்படுகின்றன, இரண்டும் வேறு வேறு.

எப்போது இது சிறந்தது: பாதிக்கப்படுபவர்கள் யார் என்று தெளிவாகத் தெரியும்போது. ஒரு சாலையை அகலப்படுத்துவது, ஒரு குப்பைக் கிடங்கை இடம் மாற்றுவது, ஒரு பள்ளியின் நேரத்தை மாற்றுவது. இவற்றுக்கு ஒரே பெரிய கூட்டத்தைவிட, அந்தந்தத் தெருவில் வேறு வேறு நேரங்களில் நாலைந்து சிறு கூட்டங்கள் நடத்துவது நல்லது. ஊர் முழுக்கப் பாதிக்கும் கொள்கைக்கு இது தனியாகப் போதாது.

## வழி 3: பங்கேற்பு பட்ஜெட்

பொதுப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவழிப்பது என்று மக்களே தீர்மானிப்பது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் தொடங்கியது. அங்கே நடந்தது பலரும் நினைப்பதுபோல் வெறும் வாக்கெடுப்பு அல்ல. நகரம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது, ஒவ்வொரு பகுதியிலும் சபை கூடிப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது. ஒரு வசதி அந்தப் பகுதியில் எவ்வளவு குறைவு, அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள், அவர்கள் அதை எத்தனையாவது முன்னுரிமையாக வைத்தார்கள் என்று மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுப் பணம் பங்கிடப்பட்டது. சாக்கடை இல்லாத பகுதிக்குச் சாக்கடைப் பணம் அதிகம் போனது அந்தக் கணக்கால்தான். சத்தம் போடுபவருக்குப் போகாமல் தேவைப்படுபவருக்குப் போக, கைதூக்கும் ஜனநாயகத்தோடு ஒரு சூத்திரமும் வேண்டியிருந்தது. பின்னால் இந்த முறையை எடுத்துக்கொண்ட நகரங்களில் பல, வாக்கெடுப்பை எடுத்துக்கொண்டு சூத்திரத்தை விட்டுவிட்டன. எனக்கு இதில் உள்ள பெரிய வருத்தம் அதுதான்.

பாரிஸ் 2014இல் தொடங்கி, முதலீட்டு பட்ஜெட்டில் 5 சதவீதத்தை இதற்கு ஒதுக்கியது. வயதும் குடியுரிமையும் பார்க்காமல் நகரில் வசிக்கும் யாரும் வாக்களிக்கலாம். நியூயார்க்கில் 2011இல் நான்கு மன்ற உறுப்பினர்கள் தங்கள் தொகுதி நிதியைக் கொண்டு ஆரம்பித்தார்கள், இப்போது 11 வயதுப் பிள்ளைகளும் அதில் வாக்களிக்கிறார்கள். கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் போனது. அது பங்கேற்பு பட்ஜெட் என்ற பெயரில் நடக்கவில்லை, ஆனால் ஒரு பாடம் அதில் தெளிவாக இருக்கிறது: பணம் உண்மையில் கீழே வந்தால் மக்கள் கூட்டத்துக்கு வருவார்கள். மொத்த பட்ஜெட்டில் கண்ணுக்கே தெரியாத ஒரு துளியை வைத்துக்கொண்டு பெரிய விழா நடத்தினால், மீதிப் பணத்தைப் பற்றி யாரும் கேட்காமலிருக்க நடத்துவதாகவே ஆகிவிடும்.

மறைமுகச் செலவுகள் இங்கே நிறைய. வரும் ஒவ்வொரு யோசனையும் செய்யக்கூடியதா, நிலம் யாருடையது, எவ்வளவு ஆகும் என்று பொறியாளர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும், அது மாதக்கணக்கில் இழுக்கும். ஜெயித்த திட்டம் கட்டி முடிய இரண்டு மூன்று வருடம் ஆகலாம், அதற்குள் வாக்களித்தவர்கள் மறந்துவிடுவார்கள் அல்லது கோபப்படுவார்கள், எனவே எந்தத் திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டிய பூங்காவுக்குத் தண்ணீர் ஊற்றும் செலவு எந்த வாக்குச்சீட்டிலும் இருக்காது. அப்புறம் ஆட்சி மாற்றம். போர்ட்டோ அலெக்ரேயில் 1989 முதல் ஆண்ட தொழிலாளர் கட்சி 2004 தேர்தலில் தோற்ற பிறகு இந்த முறை மெல்ல மெல்லத் தேய்ந்தது, 2017இல் நிறுத்தி வைக்கப்பட்டது. உலகத்துக்கே கற்றுக்கொடுத்த நகரத்திலேயே இந்த நிலை என்றால், ஒரு மேயரின் விருப்பத்தை மட்டும் நம்பித் தொடங்குவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். ஒதுக்கீட்டு விகிதத்தையும் கால அட்டவணையையும் மன்றத் தீர்மானமாகவோ துணைவிதியாகவோ ஆக்காமல் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எப்போது இது சிறந்தது: சின்ன, கண்ணால் பார்க்கக்கூடிய வேலைகள் பல இருக்கும்போது, ஒதுக்கும் தொகை உருப்படியாக இருக்கும்போது, குறைந்தது மூன்று நான்கு வருடம் நடத்த உறுதி இருக்கும்போது. ஒருமுறை நடத்திப் பார்க்கலாம் என்பவர்களுக்கு இது வேண்டாம்.

## வழி 4: குலுக்கலில் தேர்வான மக்கள் குழு

வயது, பாலினம், பகுதி, கல்வி என்று ஊரின் கலவையைப் பிரதிபலிக்கும்படி குலுக்கிப் போட்டுச் சில பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, பல நாட்கள் உட்காரவைத்து, எல்லாத் தரப்பு நிபுணர்களையும் கேட்கவிட்டு, பரிந்துரை வாங்குவது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2004இல் தேர்தல் முறையை மாற்றலாமா என்று 160 பேரை வைத்து இதைச் செய்தது. அவர்களது பரிந்துரை 2005இல் மக்கள் வாக்கெடுப்புக்குப் போய் 57.7 சதவீத ஆதரவு பெற்றது. ஆனால் அரசு முன்பே 60 சதவீதம் என்று வரம்பு வைத்திருந்ததால் நின்றுபோனது. குழு எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், அதன் பரிந்துரை அடுத்து எந்த வாசலுக்குப் போகிறது என்பதை முதலிலேயே பார்க்க வேண்டும்.

போலந்தின் குடான்ஸ்க் நகரம் 2016இல் பெருமழை வெள்ளத்துக்குப் பிறகு இப்படி ஒரு குழுவை அமைத்தது. குழுவில் 80 சதவீதம் பேர் ஒப்புக்கொண்ட பரிந்துரைகளை நிறைவேற்றுவதாக மேயர் முன்கூட்டியே வாக்குக் கொடுத்தார். பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழி பேசும் கிழக்குப் பகுதி இன்னும் ஒரு படி போய், 2019இல் இதை நிரந்தர அமைப்பாகச் சட்டத்திலேயே வைத்தது. 24 குடிமக்கள் கொண்ட ஒரு மன்றம் எதைப் பற்றி விவாதிக்கலாம் என்று தலைப்பைத் தீர்மானிக்கிறது, ஒவ்வொரு தலைப்புக்கும் தனியாக ஒரு குழு குலுக்கலில் அமைகிறது, அதன் பரிந்துரைக்கு அந்தப் பகுதியின் நாடாளுமன்றம் பதில் சொல்ல வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் தர வேண்டும். அந்தப் பகுதியின் மக்கள்தொகை எண்பதாயிரத்துக்கும் குறைவு. இது பெரிய ஊர்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அங்கே பார்க்கலாம்.

மறைமுகச் செலவு: வருபவர்களுக்குத் தினப்படி, போக்குவரத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. இவை இல்லாவிட்டால் குலுக்கல் வெறும் பெயரளவுக்குத்தான், அன்றாடக் கூலிக்குப் போகிறவர் சம்மதிக்கவே மாட்டார். அழைப்புப் போனவர்களில் மிகச் சிறு பங்கினரே சரி என்பார்கள், அதனால் ஆயிரக்கணக்கில் அழைப்பு அனுப்ப வேண்டியிருக்கும். அடுத்தது, குழுவுக்குப் படிக்கக் கொடுக்கும் குறிப்புகளை யார் எழுதுகிறார், எந்த நிபுணரைக் கூப்பிடுவது என்று யார் தீர்மானிக்கிறார். கேள்வியை எழுதுபவர் பாதிப் பதிலையும் எழுதிவிடுவார், எனவே அந்தப் பொறுப்பில் எதிர்த் தரப்பும் இருக்க வேண்டும். கடைசியாக, அந்த அறைக்கு வெளியே இருக்கும் மக்களுக்கு இந்த ஐம்பது பேர் யாரென்றே தெரியாது. விவாதங்களை வெளியில் சொல்லிக்கொண்டே இருக்காவிட்டால், இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்ற கேள்வி வரும், வருவது நியாயமும்கூட.

எப்போது இது சிறந்தது: ஒருவருக்கு லாபம் இன்னொருவருக்கு நட்டம் என்று இருக்கும் கடினமான கேள்விகளுக்கு, அரசியல்வாதிகள் தேர்தல் பயத்தால் தொடத் தயங்கும் நீண்டகால விஷயங்களுக்கு. வெள்ளநீர் வடிகால், போக்குவரத்து நெரிசல் கட்டணம், நிலப் பயன்பாடு போன்றவை. ஒரு தெருவின் வேகத்தடைக்கு இது வேண்டாம்.

## வழி 5: இணையவழிக் கருத்துத் தளம்

இதைத்தான் முதலில் செய்ய எல்லோருக்கும் ஆசை. மாட்ரிட் நகரம் 2015இல் தன் தளத்தைத் திறந்தது. யார் வேண்டுமானாலும் யோசனை போடலாம். 16 வயதுக்கு மேற்பட்டோரில் 1 சதவீதம், அதாவது ஏறக்குறைய 27,000 பேர் ஆதரித்தால் அது நகர வாக்கெடுப்புக்குப் போகும். ஆயிரக்கணக்கான யோசனைகள் குவிந்தன. முதல் நான்கு வருடங்களில் அந்த வரம்பைத் தாண்டி வாக்கெடுப்புக்குப் போனவை இரண்டே இரண்டு. மற்றவர்கள் எழுதியதெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது. தளத்தின் மென்பொருள் நன்றாகத்தான் வேலை செய்தது, வரம்புதான் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

தைவானில் 2015இல் வந்த அரசுத் தளம் வேறு மாதிரி யோசித்தது: 5,000 பேர் ஆதரித்தால் சம்பந்தப்பட்ட துறை பதில் சொல்ல வேண்டும், வாக்கெடுப்பு தேவையில்லை. தைவானிலேயே பயன்படுத்தப்பட்ட போலிஸ் (Polis) என்ற இணையக் கருவியில் ஒருவர் எழுதியதற்கு மற்றவர் பதில் எழுத முடியாது. ஏற்கிறேன், மறுக்கிறேன், விட்டுவிடுகிறேன் என்று மட்டும் சொல்லலாம். சண்டைக்கு இடமில்லாததால் எங்கே ஒத்துப்போகிறார்கள் என்பது தெரிய வந்தது. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத் தளத்தில் ஆதரவுக் காரணங்கள் ஒரு பக்கம், எதிர்ப்புக் காரணங்கள் ஒரு பக்கம். வடிவமைப்பு பேச்சின் குணத்தை மாற்றுகிறது, ஆகவே கருத்துப் பெட்டி ஒன்றைத் திறந்துவைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

மறைமுகச் செலவு என்றால் தினமும் யாராவது உட்கார்ந்து கவனிக்க வேண்டும், உண்மையான ஊர்க்காரர்தானா என்று சரிபார்க்க வேண்டும், ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு வேறு வழி வைக்க வேண்டும். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, மாட்ரிட்டின் கொன்சுலும் பார்சிலோனாவின் டெசிடிமும் யாரும் எடுத்துக்கொள்ளக்கூடியவை. செலவு முழுக்க மனிதர்களில்தான். மற்ற நான்கு வழிகளில் ஏதாவது ஒன்றோடு சேர்த்து நடத்தினால் இது நல்ல துணை, தனியாக நிறுத்தினால் பெரும்பாலும் பாழாகும்.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்குப் பொருந்தும் | யார் விடுபடக்கூடும் | மறைந்திருக்கும் செலவு | ஆட்சி மாறினால் |
|---|---|---|---|---|
| தானாக வெளியிடுதல் | ஒப்பந்தம், செலவு, தீர்மானங்கள் | கணக்கைப் படிக்கப் பழக்கமில்லாதவர்கள் | வடிவம், தனிநபர் விவரம், தொடர்ந்து புதுப்பித்தல் | சட்டம் இருந்தால் நிற்கும் |
| கருத்துக் கேட்பு | இடம் சார்ந்த திட்டங்கள் | வாடகைக்காரர், வேலைக்குப் போகிறவர், வரப்போகிறவர் | பதில் இல்லாவிட்டால் நம்பிக்கை இழப்பு | பெயரளவில் நிற்கும் |
| பங்கேற்பு பட்ஜெட் | பல சிறு கட்டுமான வேலைகள் | ஒருங்கிணையாத ஏழைப் பகுதிகள், சூத்திரம் இல்லாவிட்டால் | பொறியாளர் நேரம், பராமரிப்பு, தாமதம் | எளிதில் தேயும் |
| குலுக்கல் குழு | கடினமான நீண்டகாலக் கேள்விகள் | அழைப்பை மறுக்கும் கூலித் தொழிலாளர் | தினப்படி, குறிப்புகளின் நடுநிலை | சட்டத்தில் வைத்தால் நிற்கும் |
| இணையத் தளம் | யோசனை சேர்ப்பது, மற்ற வழிகளுக்குத் துணை | இணையம் இல்லாதவர்கள் | அன்றாடக் கவனிப்பு, சரிபார்ப்பு | மென்பொருள் இருக்கும், ஆள் இருக்காது |

## சரி, உங்கள் நிலைக்கு எது?

மன்றத்துக்குள் இருக்கிறீர்கள், ஆள் குறைவு, ஒரு வருடத்துக்குள் ஏதாவது காட்ட வேண்டும் என்றால் வழி 1, அதோடு மூன்று பத்தி அட்டவணை வைத்த சிறு கருத்துக் கேட்புகள். இது பார்க்க எளிமையாக இருக்கும், விருது எதுவும் கிடைக்காது, ஆனால் அடுத்து எதைச் செய்தாலும் இதன் மேல்தான் நிற்கும். பட்ஜெட் கோப்புகள் மூடியிருக்கும் ஊரில் பங்கேற்பு பட்ஜெட் நடத்தினால், எவ்வளவு பணத்தில் எவ்வளவு தங்களுக்குத் தந்திருக்கிறார்கள் என்றே மக்களுக்குத் தெரியாது.

பணமும் பெரும்பான்மையும் இருக்கிறது, தேர்தலுக்கு நாள் இருக்கிறது என்றால் வழி 3, ஆனால் சூத்திரத்தோடும் துணைவிதியோடும். ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும் ஒரு கேள்வி கையில் இருந்தால் வழி 4, முடிவுக்கு மன்றம் எந்த அளவு கட்டுப்படும் என்பதைக் குழு கூடும் முன்பே அறிவித்துவிட்டு.

வெளியே இருக்கும் சங்கம் என்றால், முறையைக் கேட்பதைவிடப் பதிலைக் கேளுங்கள். மன்றம் எந்த வழியைக் கொண்டுவந்தாலும் நாலு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: எந்த முடிவு இன்னும் திறந்திருக்கிறது, நீங்கள் பார்த்துத் தள்ளிவிட்ட மாற்றுகள் எவை, பதில் எந்தத் தேதிக்குள், பதில் தருபவர் எந்தப் பதவியில் இருப்பவர். திறந்த அரசுக் கூட்டாண்மை என்ற பன்னாட்டு அமைப்பு 2011இல் எட்டு நாடுகளோடு தொடங்கி 2016இல் 15 உள்ளாட்சி, மாகாண அரசுகளையும் சேர்த்துக்கொண்டபோது, அவர்களும் இதே வடிவத்தைத்தான் கேட்டார்கள்: தேதியோடு எழுதிய வாக்குறுதி, அதை வெளியிலிருந்து ஒருவர் சரிபார்ப்பது. அந்த அமைப்பில் சேராத ஊரும் அந்த ஒரு தாளை எழுதலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

## ஐந்தில் எதுவும் வேண்டாத நேரம்

நிஜமாகவே முடிவு எடுத்தாகிவிட்டது, மாற்ற வழியில்லை என்ற நேரங்கள் உண்டு. நீதிமன்ற உத்தரவு வந்திருக்கும், உடைப்பெடுக்கும் அணையை உடனே சரிசெய்ய வேண்டியிருக்கும், மேல் அரசின் நிபந்தனை இருக்கும். அப்போது கருத்துக் கேட்பு நடத்த வேண்டாம் என்று ஒரு மன்றத்துக்குச் சொல்ல நான் தயங்கமாட்டேன். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பக்கம் வெளியிடட்டும்: என்ன முடிவு, யார் எடுத்தார், என்ன காரணம், வேறு என்ன வழிகள் பார்க்கப்பட்டன, அவை ஏன் விடப்பட்டன, இந்த முடிவை மறுபரிசீலனை செய்யக்கூடிய அடுத்த தேதி எது. அந்தத் தேதி வரும்போது எல்லா வாய்ப்புகளும் மறுபடி திறந்திருக்கும், மேலே சொன்ன ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அன்றைக்குத்தான்.